ஓய்னாம் ஆசிரியரின் மகனுக்கு

அன்புள்ள நண்பனுக்கு,

இந்த ஆண்டும் ஆகஸ்ட் 22 வந்து போயிற்று. 2017இல் அதே நாளில் மணிப்பூரின் முன்னாள் முதலமைச்சர் ரிஷாங் கெய்ஷிங் இம்பாலில் இறந்தபோது அவரைக் குறை சொல்லி நான் எழுதிய குறிப்பை நேற்றிரவு நீக்கிவிட்டேன். நீக்கும்படி நீ ஒருபோதும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வீம்புக்காகவே நீக்காமல் விட்டிருப்பேன் என்பதும் உனக்குத் தெரியும். உன் அப்பா மறைந்த செய்தி சென்ற டிசம்பரில் மூன்றாவது ஆள் மூலமாக எனக்கு வந்தது. அடக்கத்துக்கு நான் வரவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்து உன் பெயர்வரை போய், திரும்ப வைத்துவிட்டேன். அந்தக் குறிப்பு அங்கேயே இருக்கும்போது உன்னிடம் எந்த முகத்தோடு துக்கம் கேட்பது என்று தோன்றியது. இதை ஒரு காரணமாக ஏற்றுக்கொள்வதும் மறுப்பதும் உன் விருப்பம்.

இந்தக் கடிதத்தை உன்னால் படிக்க முடியாது. டெல்லி முனிர்காவில் நான்கு ஆண்டுகள் ஒரே அறையில் இருந்தும், நான் உனக்குக் கற்றுக்கொடுத்த தமிழ் சில கெட்ட வார்த்தைகளும் 'சோறு ஆச்சா' என்ற கேள்வியும் மட்டுமே. படிக்கத் தெரியாதவனுக்கு அவனுக்குத் தெரியாத மொழியில் எழுதுவது கோழைத்தனம் என்று நீ சொல்லலாம், ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் அந்தக் குறிப்பும் தமிழில்தான் வந்தது, அதைப் படித்துப் பாராட்டியவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள், ஆகவே திரும்பப் பெறுவதையும் அவர்கள் முன்னால்தான் செய்ய வேண்டும். சென்ற முறை உனக்கு வாசித்துப் பொருள் சொன்ன அதே ஆள் இந்த முறையும் சொல்வார் என்று நம்புகிறேன். அவர்களும் பக்கத்தில் நின்று படிப்பதால், உனக்குத் தெரிந்த சிலவற்றை உனக்கே சொல்வதுபோல எழுத நேர்கிறது, பொறுத்துக்கொள்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிப்பூரின் பர்மா எல்லையில் இருக்கும் மோரேயில் என் பெரியப்பா குடும்பம் இன்னும் இருக்கிறது. பர்மாவிலிருந்து துரத்தப்பட்டுத் தமிழ்நாட்டு முகாமுக்கு வந்து, மனம் ஒட்டாமல் தரைவழியாகத் திரும்பப் போக முயன்று, எல்லையில் நின்றுபோன எங்கள் தாத்தாக்களின் ஊர் அது. அங்காள பரமேஸ்வரி கோயிலில் இன்றும் விளக்கு எரிகிறது. அது எரிய வேண்டுமானால் அக்கம்பக்கத்து மக்கள் எல்லோரோடும் எங்களுக்குப் பேச்சுவார்த்தை இருக்க வேண்டும். ஆகவே 1995இல் எங்கள் கடைக்குத் தீ வைத்தவர்கள் யார் என்பதை இங்கே நான் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், அது போதும்.

நான் எழுத வந்தது உங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்ததைப் பற்றி.

2012 மே 13, ஞாயிற்றுக்கிழமை. நாடாளுமன்றத்தின் 60 ஆண்டு நிறைவு விழாவைத் தொலைக்காட்சியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போன சாம்பல்நிறக் கோட்டை உன் அப்பா மாலைவரை கழற்றவில்லை. அடுப்பில் புகைபோட்ட பன்றி இறைச்சி மூங்கில் குருத்தோடு வெந்துகொண்டிருந்தது; உமொரோக் மிளகாயின் நெடி கூடம்வரை ஏறி எனக்கு இருமல் பிடித்துக்கொள்ள, அவர் சிரித்துக்கொண்டே போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். முதல் மக்களவையில் உறுப்பினர்களாக இருந்து, இன்னும் உயிரோடிருந்த ஒரு சிலரை மைய மண்டபத்தில் சிறப்பித்தார்கள். அந்தச் சிலரில் ஒருவரான கெய்ஷிங் 91 வயதிலும் மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தார். அவர் முகம் திரையில் வந்ததும் உன் அப்பா எழுந்து நின்றார். தேவாலயத்தில் பாட்டுக்கு எழுவதைப்போல, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். அவரைப் பார்த்து நீயும் எழுந்தாய். நான் எழவில்லை. எழாததோடு நிறுத்தியிருக்கலாம். "இவர் முதலமைச்சராக இருந்தபோதுதான் எங்கள் கடை எரிந்தது" என்று, அந்த வீட்டில் எல்லோருக்கும் புரிகிற இந்தியில் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போயிற்று. இம்பாலில் அது புதிதில்லை என்றாலும், நான் சொன்னதுதான் விளக்கை அணைத்தது என்பதுபோல எனக்குப் பட்டது. இருட்டில் உன் குரல் மட்டும் வந்தது: "நீ மயாங். உனக்கு என்ன தெரியும்?" நான்கு ஆண்டுகளில் ஒருநாள்கூட நீ என்னை, வெளியாள் என்று ஒதுக்கும் அந்தச் சொல்லால் அழைத்ததில்லை. உன் அப்பா மெழுகுவர்த்தி ஏற்றினார். பாட்டுப் புத்தகத்தின் நடுவிலிருந்து நான்காக மடித்த ஒரு நகலை எடுத்து என் முன்னால் வைத்தார். "எங்கள் ஊரும் இவர் முதலமைச்சராக இருந்தபோதுதான் எரிந்தது" என்று சொன்னார். பிறகு, "முதலில் சாப்பிடு" என்றார்.

அந்தக் காகிதத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான் பாதிதான் படித்தேன். மீதியை டெல்லிக்குப் போன பிறகு படித்தேன். ஓய்னாம் கிராமத்தில் இருந்த தன் முகாம் 1987 ஜூலை 9 அன்று தாக்கப்பட்ட பிறகு, மத்திய அரசின் படையான அசாம் ரைஃபிள்ஸ் சுற்றியிருந்த கிராமங்களில் நடத்திய தேடுதல் வேட்டையைப் பற்றி, முதலமைச்சர் கெய்ஷிங் உள்துறை அமைச்சர் பூட்டா சிங்குக்குக் கொடுத்த மனு அது. சேனாபதி மாவட்டத்தில் குடிமைச் சட்டம் செயலற்றுவிட்டது என்று அதில் சொல்லியிருந்தார். படை ஓர் இணை நிர்வாகத்தையே நடத்துகிறது, மாவட்டத்தின் துணை ஆணையரும் காவல் கண்காணிப்பாளரும் சிறைவைக்கப்பட்டு அவமானப்படுத்தப்பட்டார்கள், தங்கள் கடமையைச் செய்யவிடாமல் தடுக்கப்பட்டார்கள் என்றும் இருந்தது. தன் கீழ் வேலை செய்யும் அதிகாரிகளையே காப்பாற்ற முடியாத முதலமைச்சர், டெல்லியிடம் அதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறார். உன் அப்பா அந்த நாட்களில் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தார், ஊர் ஆண்களோடு வெயிலிலும் மழையிலும் உட்கார வைக்கப்பட்டார் என்பதை நீ எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து. அவருக்குக் கோபப்பட என்னைவிட அதிகக் காரணம் இருந்தது. ஆனாலும் அவர் எழுந்து நின்றார். யாரும் எழுதாததை ஒருவராவது எழுதினார் என்பதற்காக எழுந்து நின்றார் என்று இப்போது புரிகிறது.

புரிகிறது என்பதால் எனக்கு மறுப்பே இல்லை என்று நினைத்துவிடாதே. அந்த மனுவை எழுதிய பிறகும் அவர் பதவியிலேயே இருந்தார். அடுத்த மார்ச்சில் அவர் விலகி ஆர்.கே. ஜெயச்சந்திர சிங் வந்தபோது, ஓய்னாம் மக்களுக்கு எதுவும் கிடைத்திருக்கவில்லை. சட்டம் செயலற்றுவிட்டது என்று எழுதும் முதலமைச்சர் அன்றே ராஜினாமா செய்திருந்தால் டெல்லி கொஞ்சமாவது திடுக்கிட்டிருக்காதா? நீக்கப்பட்ட என் குறிப்பில் 'நாற்காலியைக் காத்தவர்' என்று ஒரு வரி இருந்தது. குறிப்பை நீக்கிவிட்டேன், அந்த வரியை முழுதாகக் கைவிட எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

அந்த நாற்காலியை நானும் பின்னால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிப்பூர்ச் சட்டமன்றத்தின் 60 இடங்களில் 40 மைதேயிகள் பெரும்பான்மையாக வாழும் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. நிலப்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கான மலைகளுக்கு 20. மலைகளிலுள்ள புங்யார் தொகுதியிலிருந்து வரும், நாகாக்களில் ஒரு பிரிவான தாங்குல் இனத்தவர் ஒருவர் முதலமைச்சர் ஆக வேண்டுமானால், மலை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்தாலும் போதாது, பள்ளத்தாக்கு உறுப்பினர்களும் அவர் பின்னால் நின்றாக வேண்டும். நிற்கிறவர்கள் எந்த மாலையிலும் நகர்ந்துவிடலாம். 1997 டிசம்பரில் நிபாமச்சா சிங் காங்கிரஸை உடைத்தபோது அப்படித்தான் நகர்ந்தார்கள். கெய்ஷிங்குக்கு முன்பு முதலமைச்சராக இருந்த இன்னொரு தாங்குல், யாங்மாஸோ ஷைசா, 1984 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டார். பள்ளத்தாக்குக்காரர்கள் கெய்ஷிங்கை மலைக்காரராகப் பார்த்தார்கள், தனிநாடு கேட்டவர்கள் டெல்லியின் ஆளாகப் பார்த்தார்கள், நாகாக்களும் குக்கிகளும் ஒருவர் ஊரை ஒருவர் எரித்துக்கொண்டிருந்த 1994க்குப் பிந்தைய ஆட்சியில் குக்கிகளுக்கு அவர் வெறும் நாகாதான். அப்படிப்பட்ட நாற்காலியில் உட்காரவும் துணிச்சல் வேண்டும் என்று உன் அப்பா சொன்னதாக நீ சொன்னாய். சொல்லும்போது உன் குரலில் இருந்த கர்வம் எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிக் கர்வப்பட எங்களுக்கு மோரேயில் ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூட இருந்ததில்லை.

ஆனால் என்னை வெகுநாள் தொந்தரவு செய்தது வேறொன்று. 1952இல், நாகாக்களுக்குத் தனிநாடு கேட்ட ஃபிசோவின் நாகா தேசிய கவுன்சில் சொன்னதைக் கேட்டு நாகா மலை மாவட்டம் பொதுத் தேர்தலைப் புறக்கணித்தது. அதே தேர்தலில், பக்கத்து மலைகளில், 31 வயது சோசலிஸ்டான கெய்ஷிங் வெளி மணிப்பூர்த் தொகுதியில் வென்று டெல்லிக்குப் போனார். 1957இல் அந்தத் தொகுதி காங்கிரஸின் ருங்சுங் சுயிசாவிடம் போயிற்று. 1962இல் கெய்ஷிங் 42 வாக்குகள் வித்தியாசத்தில் அதை மீட்டார். இந்த இரண்டுக்கும் இடையில்தான், 1958இல், படைகளுக்குத் தேடவும் கைதுசெய்யவும் சுடவும் அதிகாரம் தரும் ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் நிறைவேறியது. உள் மணிப்பூர் உறுப்பினர் அச்சாவ் சிங் அதைச் சட்டமே இல்லாத சட்டம் என்று அவையில் எதிர்த்தபோது, கெய்ஷிங் அவையில் இல்லை. இருந்திருந்தால் எதிர்த்திருப்பார் என்று நீ சொல்வாய். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் பிறகு காங்கிரஸில் சேர்ந்தார். 1980 செப்டம்பரில் அந்தச் சட்டம் மணிப்பூர் முழுவதற்கும் விரிந்தது, நவம்பரில் முதலமைச்சரானார், ஏழாண்டு கழித்து அதே சட்டத்தின் கீழ் இயங்கிய படையைப் பற்றி மனு எழுதினார். தான் கைதூக்காத ஒரு சட்டத்தைத் தன் தலையில் சுமந்து திரிந்தவர் அவர். 42 வாக்கைப் பற்றிப் படித்த அன்றைக்குத்தான் அந்தக் குறிப்பை எழுதியதற்காக முதல்முறை வெட்கப்பட்டேன். கடையில் கல்லாப்பெட்டி கருகிக் கிடந்ததைப் பார்த்த பதினோரு வயதுப் பையனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அப்போது செய்தித்தாளில் தினமும் வந்த பெயர் அவருடையது. என் வீட்டுத் துயரத்தை அவர் தலையில் கட்டியது தவறு. மன்னித்துக்கொள். உன் அப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும்.

நீ மட்டும் எல்லாம் சரியாகச் செய்தாயா என்ன? 2023இல் மோரே மறுபடி எரிந்தபோது, பெரியப்பாவின் தெருவில் வீடுகள் கருகிய படங்கள் எல்லோர் தொலைபேசியிலும் சுற்றியபோது, நீ ஒருமுறைகூட 'உங்கள் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள்' என்று கேட்கவில்லை. இம்பாலில்தான் இருந்தாய். அந்த மாதங்களில் அங்கே யாரோடு யார் பேசினாலும் ஆபத்து என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. என்னோடு பேசுவதில் உனக்கு என்ன ஆபத்து? மயாங் என்ற சொல்லையும் நீ திரும்பப் பெற்றதில்லை. உன் அப்பா அந்த இரவு தட்டில் எனக்கு இரண்டாவது முறை சோறு வைத்தபோது நீ எழுந்து உள்ளே போய்விட்டாய். மின்சாரம் திரும்பி வந்தபோது விழா முடிந்திருந்தது. கூடத்தில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம், அவர் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காகிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி வந்து இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன. மடிப்புகளில் கிழியத் தொடங்கியதால் கண்ணாடித்தாள் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு மூலையில் அன்றைய மெழுகு சொட்டிய வட்டம் இருக்கிறது. அது உங்கள் வீட்டுப் பாட்டுப் புத்தகத்தில் இருக்க வேண்டியது. பதிவுத் தபாலில் அனுப்பிவிடுகிறேன். இம்பால் வீட்டுக்கு அனுப்புவதா, ஊருக்கு அனுப்புவதா என்பதை மட்டும் தெரிவி.

உன்
முனிர்கா அறைத்தோழன்