கத்திரி வெயிலில் நழுவிய ஏழு கேட்ச்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் வேலூர்ப் பக்கம் மே பிறந்தால் ஊருக்கு ஊர் டென்னிஸ் பந்து கிரிக்கெட் டோர்னமெண்ட்தான். அதில் ஆடுகிற ஒரு டீமில் நானும் இருக்கிறேன். வயது 43. பந்து அதிகம் வராது என்று கேப்டன் என்னை ஷார்ட் பைன் லெக்கில் நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

போன ஞாயிறு தண்ணீர் வற்றிய ஓர் ஏரியில் எங்கள் ஆட்டம். 15 ஓவர். எண்ட்ரி பீஸ் கட்டிய டீம்களை எல்லாம் இரண்டே நாளில் ஆடவைத்து முடிக்க வேண்டும் என்று கமிட்டி காலை 7 மணியிலிருந்து வரிசையாக மேட்ச் போட்டிருந்தது. எங்களுக்கு விழுந்தது பகல் 12 மணி. டாஸும் தோற்றோம். அந்த நேரத்தில் டாஸ் ஜெயித்தவன் யாராவது பீல்டிங் கேட்பானா?

மே மாத உச்சி வேளையில் இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர் தலைக்கு மேல் நிற்கும். நம் நிழல் நம் காலுக்கடியிலேயே சுருண்டு கிடக்கும். அந்த நேரத்தில் தூக்கி அடித்த பந்து நேராகச் சூரியனுக்குள் போய்விடும். எங்கே இறங்கும் என்பது இறங்கிய பிறகுதான் தெரியும். முதல் மூன்று கேட்ச் அப்படிப் போயின. நாலாவது, வியர்த்த கையில் வழுக்கியது. அப்புறம் யாருக்கும் ஓடவே மனசில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சீமைக் கருவேலம். பந்து அதற்குள் போனால் முள்ளில் குனிந்து எடுத்து வர வேண்டும். போய் வந்தவன் அடுத்த இரண்டு பந்துக்கு இடுப்பில் கை வைத்து நின்றான். பவுலருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கீப்பர் உட்கார்ந்தால் எழவில்லை. மொத்தம் ஏழு கேட்ச் விட்டோம். அதில் ஒன்று என்னுடையது, அதற்கு வெயில் காரணமில்லை.

பன்னிரண்டாவது ஓவரில் கல்லூரியில் படிக்கும் ஒரு பையன், பேட்ஸ்மேன் இந்தப் பக்கம் ஓடிவர, பந்தை அந்தப் பக்கம் எறிந்தான். அங்கே ஆளே இல்லை. ஓவர் த்ரோ, நாலு ரன். எல்லாரும் திட்டினோம். அடுத்த ஓவரில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று கேட்டவன், சொன்ன பிறகும் அங்கேயே நின்றான். பேச்சு குழறியது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. கரைப் புளியமரத்து நிழலில் படுக்கவைத்து, உடம்பெல்லாம் ஈரத்துணி போட்டு விசிறி, ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டான். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகும்போது முதலில் தடுமாறுவது மூளைதான் என்று அங்கே டாக்டர் சொன்னார். நாங்கள் மோசமான பீல்டிங் என்று நினைத்துத் திட்டியது அதைத்தான்.

ஏழாவது ஓவர் முடிந்ததுமே தண்ணீர் குடிக்க நேரம் கேட்டிருந்தோம். லேட்டாகிறது என்றது கமிட்டி. கிரிக்கெட் விதிகளை வகுக்கும் லண்டன் கிளப்பான எம்.சி.சி.யின் விதிகளில் பதினோராவது விதி இடைவேளைகளைப் பற்றியது. தண்ணீருக்கான இடைவேளையும் அதில் இருக்கிறது, 5 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, அவ்வளவுதான். மைதானமோ வானிலையோ ஆபத்தாக இருந்தால் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரமும் அம்பயருக்கு உண்டு. ஆனால் நம் ஊர் ஆட்டத்தில் அம்பயராக நிற்பது பேட்டிங் டீம் ஆள். பந்து பந்தாக சிக்ஸர் போகும்போது அவர் எதற்கு நிறுத்தப் போகிறார்?

டீக்கடையில் இதைச் சொன்னால் உடனே ஒருவர் டீன் ஜோன்ஸ் கதையை எடுக்கிறார். 1986 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் வாந்தி எடுத்தபடியே ஆடி 210 ரன் அடித்தாரே, அது வீரம் இல்லையா என்று. வீரம்தான். ஆனால் அவுட்டான பிறகு அவரை மருத்துவமனையில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள் என்கிற பாதியை, கதை சொல்பவர் விட்டுவிடுகிறார். அவர் ஆஸ்திரேலியாவுக்கு ஆடியவர். எங்களுக்குத் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும்.

டோர்னமெண்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடை விடுமுறையை விட்டால் பையன்களுக்கு ஏது நேரம்? கத்திரி முடியும் வரை பகல் 11 மணியிலிருந்து 3.30 வரை மட்டும் மேட்ச் போடாமல் இருந்தால் போதும். டீம்களைக் குறைக்க மனமில்லையா, இரண்டு நாளை மூன்றாக்கட்டும். விடியற்காலை 5.45க்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கலந்து எல்லைக் கோட்டருகே வையுங்கள். அன்று மேடையில் சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த தண்ணீர் கேனில் பாதி மிச்சமிருந்ததை நாங்களே பார்த்தோம்.

நாங்கள் தோற்றதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் 171, நாங்கள் 74. மார்கழியில் ஆடியிருந்தாலும் தோற்றிருப்போம்.

அடுத்த டோர்னமெண்ட் இம்மாதக் கடைசியில். அந்தப் பையன் வருகிறேன் என்கிறான், அவன் அம்மா விடமாட்டேன் என்கிறார். எங்கள் மேட்ச் எத்தனை மணிக்கு என்று இன்னும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஷார்ட் பைன் லெக் ஆட்டக்காரர்,
வேலூர் மாவட்டம்.