7 வயதுக் குழந்தைக்கு பாயின்ட் ஷூ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வெளியான, பாலே என்ற மேலைநாட்டு நடனத்தை அறிமுகப்படுத்தும் கட்டுரையில், "7 வயதிலேயே பாயின்ட் ஷூ அணிந்து பழகலாம், இணையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி வந்துள்ளது. கால்விரல் நுனியில் ஏறி நின்று ஆடுவதற்கான, முனை கெட்டியான காலணி அது. மறுநாள் மாலையே என்னிடம் பயிலும் சிறுமி ஒருத்தியின் தாயார் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வந்து, "பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்களே, நீங்கள் ஏன் மிஸ் இன்னும் வாங்கச் சொல்லவில்லை?" என்று கேட்டார். பல ஆண்டுகளாகக் கற்பித்துவரும் என் சொல்லைவிடத் தங்கள் இதழின் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

அந்தக் காலணியின் முனையில் மரக்கட்டை இருப்பதாகவும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதில் மரம் ஏதும் இல்லை. துணியையும் காகிதத்தையும் பசையிட்டு அடுக்கடுக்காக ஒட்டி, இறுகவிட்டு, மேலே சாட்டின் துணி போர்த்துவார்கள். வியர்வையிலும் நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்திலும் அந்தப் பசை இளகிவிடும். இளகிய காலணியில் ஏறி நிற்பவளின் கணுக்கால் பிசகுவதற்கு அதிக நேரம் ஆகாது. விரல்களின் நீளம், பாதத்தின் அகலம், வளைவு ஆகியவற்றை நேரில் பார்த்துத்தான் அளவு தேர்ந்தெடுக்க வேண்டும். மென்மையான தோல் அல்லது கான்வாஸ் ஷூவில் சில ஆண்டுகள் பயின்று, பாதமும் கணுக்காலும் இடுப்பும் வலுப்பெற்ற பிறகு, பெரும்பாலும் 11, 12 வயதை ஒட்டியே அதைத் தொட அனுமதிப்போம். வளரும் எலும்பின் மீது முழு உடல் எடையையும் ஏற்றலாமா என்று எந்த எலும்பு மருத்துவரிடமாவது ஒரு முறை தொலைபேசியில் கேட்டிருக்கலாம்.

கட்டுரையாளர் சொல்வதுபடி பாலே ரஷ்யாவில் பிறந்ததாம். இத்தாலிய அரசவைக் கொண்டாட்டங்களில் தோன்றி, பிரான்சில் 14ஆம் லூயி மன்னர் 1661இல் நிறுவிய நடனக் கழகத்தின் காலத்தில் இலக்கணம் பெற்ற கலை இது என்பது தாங்கள் அறியாததல்ல. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1738இல் நடனப் பள்ளி தொடங்கியவரும் லாந்தே என்ற பிரெஞ்சுக்காரரே. ரஷ்யர்கள் அதை வானளவு உயர்த்தினார்கள் என்று எழுதியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

பாலே பயிற்சியில் அணியும் லியோடார்ட் என்ற இறுக்கமான உடையைப் பற்றிக் கட்டுரையில் வந்த கேலிதான் என்னை அதிகம் புண்படுத்தியது. முழங்கால் பாதவிரல்களின் திசையில் இருக்கிறதா, இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா என்று ஆசிரியர் பார்ப்பதற்காகவே அது உடலோடு ஒட்டியிருக்கிறது. பரதநாட்டியப் பயிற்சிச் சேலையைக் காலை மறைக்காதபடி உயர்த்திக் கட்டுவதும் முழங்காலை மடித்துப் பாதி அமர்ந்த நிலையான அரைமண்டி தெரிய வேண்டும் என்பதற்காகத்தானே? அதை எவரும் கேலி செய்வதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாணவியரின் நிகழ்ச்சிப் படத்தை 'மேலைநாட்டு மோகம்' என்ற தலைப்பில் தாங்கள் வெளியிட்டபோதும் எழுதினேன். பதில் வரவில்லை, கடிதம் தங்கள் மேசைக்கு வந்து சேரவில்லை என்றே மரியாதையின் பொருட்டு நம்பிக்கொண்டேன்.

இத்தனைக்கும் இது சென்னை. கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியை 1936இல் தொடங்கிய ருக்மிணி தேவி, பரதநாட்டியத்துக்கு முன்பே பாலே பயின்றவர். புகழ்பெற்ற ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பால் அவருடைய குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் கற்றார். சொந்த நாட்டுக் கலையை நாடும்படி அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாவே. தங்கள் கட்டுரையில் இவர்கள் இருவருக்கும் ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை. இணையத்தில் ஷூ வாங்கும் வழிக்கு மட்டும் இடம் இருந்திருக்கிறது.

முழுக் கட்டுரையையும் திருத்தி வெளியிடுமாறு நான் கேட்கவில்லை. வயதைப் பற்றிய அந்த ஒரு வரிக்கு மட்டும், அதே இணைப்பில், கண்ணில் படும் அளவு எழுத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். கோடை வகுப்புகளுக்குச் சேர்க்கை தொடங்குமுன் அது வந்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
பாலே ஆசிரியை ஒருவர்,
திருவான்மியூர், சென்னை.