தினமும் மாத்திரை என்றால் தினமும் என்றே சொல்லிவிடுங்கள்

மூக்கு ஒவ்வாமைக்கு மருந்து எழுதும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒருவர் என் பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "இன்னுமா இந்த மாத்திரையை விடல?" என்று கேட்டார். ஏதோ கெட்ட பழக்கத்தை விசாரிக்கிற தொனி. அந்தச் சீட்டுகளில் பாதிக்கு மேல் அதே அறையில், அதே மேசையில் எழுதியவை. எல்லாவற்றிலும் 'பத்து நாள்' என்றுதான் இருந்தது. பத்து நாள் முடியும், தும்மல் திரும்பி வரும், நானும் திரும்பி வருவேன், இன்னொரு பத்து நாள் கிடைக்கும். இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. நானாக எதையும் பிடித்துக்கொண்டதாக நினைவில்லை, விடுவதற்கு.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஒவ்வாமை முழுதாகப் போகாது, தினமும் மருந்து வேண்டியிருக்கும் என்றால், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொன்ன கையோடு, அந்த மருந்தோடு எப்படிக் காலம் தள்ளுவது என்றும் சொல்லிக்கொடுங்கள்.

மகரந்தம், தூசிப்பூச்சி, அவற்றைக் கண்டு உடம்பு சுரந்து தும்மலைக் கிளப்பும் ஹிஸ்டமின் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. வாரத்தில் 4 நாளுக்கு மேல், தொடர்ந்து 4 வாரத்துக்கு மேல் தொந்தரவு இருந்தால் அது நீடித்த வகை என்று 2001-இல் வந்த சர்வதேச வழிகாட்டியே வகுத்துவிட்டது. என் மூக்கு அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது. சீட்டுதான் இன்னும் தாண்டவில்லை.

மூக்கின் வீக்கத்தைக் குறைக்க அடிக்கும் ஸ்பிரேயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சீட்டில் 'ஸ்டீராய்டு ஸ்பிரே, தினம் இரண்டு முறை அடிக்கவும்' என்று ஒரு வரி எழுதினீர்கள். மருந்துக்கடையில் டப்பாவைக் கொடுத்தார்கள். எப்படி அடிப்பது என்று ஒருவரும் காட்டவில்லை. காட்டாவிட்டால் எவரும் என்ன செய்வார்? தலையை அண்ணாந்து, முனையை நேராக உள்ளே விட்டு, அழுத்திவிட்டுப் பலமாக உறிஞ்சுவார். மருந்து மூக்கில் நிற்காமல் தொண்டைக்குள் இறங்கும். கொஞ்ச நாளில் கைக்குட்டையில் ரத்தக் கீற்று தெரியும். அதைக் காட்டியபோது கிடைத்த பதில்: "சிலருக்கு ஒத்துக்காது, நிறுத்திடுங்க."

பிறகு வேறொரு இடத்தில் ஒரு செவிலியர், நான் கேட்காமலேயே காட்டிக்கொடுத்தார். டப்பாவைக் குலுக்க வேண்டும். புதிது என்றால் மெல்லிய புகைபோல வரும்வரை வெளியே அழுத்திவிட வேண்டும். தலையைக் கொஞ்சம் முன்னால் குனிய வேண்டும். வலது கையால் இடது நாசியில், இடது கையால் வலது நாசியில். முனை நடுச்சுவரைப் பார்க்கக்கூடாது, வெளிப்பக்கமாகக் காதை நோக்கி இருக்க வேண்டும். அடிக்கும்போது லேசாக மூச்சு இழுத்தால் போதும். அவ்வளவுதான். ரத்தமும் நின்றது, ஸ்பிரேயும் ஒத்துக்கொண்டது. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதையும் அவர்தான் சொன்னார். அது தெரியாமல் மூன்றாம் நாளே ஸ்பிரேயைத் தூக்கி வைத்துவிட்டு, உடனே அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! சில நாளுக்கு மேல் போட்டால் அந்தச் சொட்டு மருந்தே மூக்கை அடைக்கத் தொடங்கும். அப்புறம் உங்களிடம்தான் வருவார்கள்.

வெளியே கேட்கிற பேச்சு தனி. எனக்கு எதிர்ப்பு சக்தி இல்லையாம். இருக்கிற சக்தி ஒரு துளி மகரந்தத்தைக்கூட எதிரிப் படையாக நினைத்துப் போர் தொடுக்கிறது, அதுதான் என் பிரச்சினையே. அலுவலகத்தில், "தும்மல்தானே, தும்மி யாரும் செத்ததில்லை" என்பார்கள். உண்மைதான். சாகாததால்தான் இத்தனை வருடமாகத் தும்ம முடிகிறது. சரி, அவர்களுக்கு எழுத வேண்டிய மடல் வேறு.

1819-இல் இந்த மூக்கு ஒவ்வாமையை முதன்முதலாக விரிவாக விவரித்த ஜான் போஸ்டாக்கும் ஒரு மருத்துவர்தான். அவர் விவரித்தது சிறுவயதிலிருந்து ஒவ்வொரு கோடையிலும் தன்னையே படுத்திய நோயை. குணமாகும் என்று உடம்பிலிருந்து ரத்தத்தை வடித்துப் பார்த்தார், அபின் சாப்பிட்டுப் பார்த்தார். எனக்கு ஒரு சின்ன மாத்திரை போதுமானதாக இருக்கிறது. கண்ணாடி போடுகிறவர் தினமும் காலையில் அதற்காக அழுவதில்லை, நானும் மாத்திரைக்காக அழவில்லை. தினமும் சாப்பிட வேண்டும் என்பது பழகிவிட்டது. பழகாமல் போனது, ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் இதுதான் கடைசி என்று நினைத்துப் பிரித்ததும், தும்மல் திரும்பும்போதெல்லாம் ஏதோ நான்தான் தோற்றுப்போனதுபோல் இருந்ததும்தான்.

"சும்மா நிறுத்திப் பாருங்க" என்பதும் லேசான வார்த்தை இல்லை. தும்மலுக்குக் கொடுக்கும் செட்டிரிசின், லெவோசெட்டிரிசின் மாத்திரைகளை நீண்ட நாள் தினமும் சாப்பிட்டு நிறுத்தினால், அரிதாகச் சிலருக்குக் கடுமையான அரிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் எச்சரித்தது. ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் கொடுக்கும் மாண்டெலுகாஸ்ட் மனநிலையைப் பாதிக்கலாம் என்று அதே அமைப்பு 2020-இல் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. அது கலந்த மாத்திரையை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் எப்படி, மனசு எப்படி என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? குளோர்பெனிரமின் போன்ற, தூக்கம் வரவைக்கும் பழைய மாத்திரைகளை எழுதும்போது, வண்டி ஓட்டுகிறீர்களா என்றாவது?

குரல் உயர்ந்துவிட்டது, மன்னிக்கவும். பணிவாகவே கேட்கிறேன். தினமும் வேண்டிய மருந்து என்றால் சீட்டில் 'தொடர்ந்து' என்று எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாமா என்று பார்க்க ஒரு தேதி கொடுங்கள். ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும், மூன்று வருடம் போல எடுக்கும் ஒவ்வாமைத் தடுப்புச் சிகிச்சை எனக்குப் பொருந்துமா, பொருந்தாதா என்பதை நான் கேட்காமலே சொல்லுங்கள். குழந்தைக்கு ஸ்டீராய்டு ஸ்பிரே எழுதினால், வளர்ச்சி கொஞ்சம் குறைகிறதா என்று பார்க்க, வரும்போதெல்லாம் உயரத்தை அளந்து குறித்து வையுங்கள்.

உங்களுக்கு நேரமில்லை என்பது தெரியும், வெளியே காத்திருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும் என்றில்லை. ஸ்பிரே அடிப்பதைக் காட்டிக்கொடுக்கச் சொல்லி உங்கள் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்கூடப் போதும்.

நன்றி.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால நோயாளி