கையெழுத்துக்கு முன்

கே.கே. நகர்,
சென்னை - 78

அன்புள்ள மணி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, காலையில் பெரிய கோயில் வரை நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும் நிம்மதி. பேத்தியின் கல்லூரி விஷயத்தை அடுத்த தடவை விவரமாக எழுது. இந்தக் கடிதம் முழுக்க வீட்டு விவகாரம்தான். பொறுத்துக்கொள்.

முதலில் சின்னக் கணக்கு. உன் வீட்டின் அக்டோபர் - மார்ச் அரையாண்டு சொத்து வரியை என்னுடையதோடு சேர்த்து அக்டோபர் முடிவதற்குள் கட்டிவிட்டேன். முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிக்கிறார்கள், அதை ஏன் விட வேண்டும்? 2022ல் வரி ஏறியபோது நீ போனில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பழைய சென்னைக்குள் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 50 சதவீதம், அதற்கு மேல் 1,200 வரை 75 சதவீதம் என்று ஏற்றினார்கள். நம்முடையது 590. பத்து சதுர அடியில் தப்பித்தோம். உன் பணத்துக்கு அவசரமில்லை, வாடகை வரும்போது கழித்துக்கொள்கிறேன்.

இனி பெரிய விஷயம். நம் பிளாக்குக்கு பில்டர் வந்துவிட்டார்.

வருவார் என்று தெரிந்ததுதான். ஹவுசிங் போர்டு கட்டி நாற்பது வருஷம் தாண்டிய கட்டடம். மாடிப்படிக்கு அடியில் பூச்சு பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிகிறது. போன மழையில் இரண்டாவது மாடி சன்ஷேடு ஒரு துண்டு உடைந்து கீழே நின்ற ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஆள் யாரும் இல்லை, பிழைத்தோம். அதற்குப் பிறகு, "இடிக்கவே கூடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட, "எவ்வளவு கொடுப்பான்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பில்டர் சொல்வது இது. இப்போதுள்ள 590க்குப் பதிலாக ஆளுக்கு 850 சதுர அடி. ஒரு கார் நிறுத்த இடம், லிஃப்ட். கட்டி முடிக்கும்வரை மாத வாடகை, போக வர சாமான் ஏற்றும் செலவு. மிச்சக் கட்டடத்தை அவர் விற்றுக்கொள்வார். தரைத்தளம் பார்க்கிங், மேலே ஐந்து மாடி. இன்றைக்கு 24 குடும்பம் இருக்கும் மனையில் 48 குடும்பம்.

முன்பெல்லாம் ஒருவர் முரண்டு பிடித்தாலும் இந்த மாதிரி வேலை நின்றுபோகும். 2022ல் கொண்டுவந்த அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024ல் நடைமுறைக்கு வந்தபிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். 24 வீட்டில் 16. இதுவரை 14 கையெழுத்து விழுந்திருக்கிறது. நானும் நீயும் போட்டால் கணக்கு முடிந்தது. இப்போது புரிகிறதா, நம் சங்கச் செயலாளர் ஏன் உன் உடம்பைப் பற்றி அவ்வளவு அக்கறையாக விசாரிக்கிறார் என்று.

போன வாரம் பில்டரின் ஆட்கள் இரண்டு பேர் டேப்போடு வந்து தெருவை அளந்தார்கள். நானும் பால்கனியில் இருந்து பார்த்துவிட்டு, பொறுக்காமல் கீழே இறங்கிப் போனேன். ஒருவன் நம் காம்பவுண்டு சுவரில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் எதிர்ச்சுவர் வரை இழுத்தான். நம் வாசலில் 12 மீட்டர் சரியாக வந்தது. தெரு முனையில் அந்த மாவு மில் வீட்டுக்காரர் கார் ஏறுவதற்குச் சாய்தளம் கட்டி, அதன் மேல் துளசி மாடம் வேறு வைத்திருக்கிறார் அல்லவா, அங்கே வரவில்லை. "சார், இங்கதான் இடிக்குது," என்றான் பையன். அவனுக்கு ஏன் அந்தக் கவலை என்று விசாரித்தேன். மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம் என்பது அடிப்படை எஃப்.எஸ்.ஐ. அதற்கு மேல் அரசுக்குப் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.க்குச் சாலை அகலம்தான் அளவுகோல். 9 மீட்டர் சாலைக்கு 30 சதவீதம், 12 மீட்டருக்கு 40, 18 மீட்டருக்கு 50. ஆக, ஒரு துளசி மாடத்தில் பில்டருக்கு இரண்டு மூன்று ஃபிளாட் போகிறது. நாற்பது வருஷமாக அந்தச் சாய்தளத்தில் கால் தடுக்கி விழுந்தவர்கள் நாம், கேட்க ஒரு நாதி இல்லை. இப்போது பார், அது கண்டிப்பாகப் போய்விடும்!

இதையெல்லாம் கவுன்சிலரிடம் கேட்கலாமே என்று எழுதியிருந்தாய். அங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது கவுன்சிலர் என்று ஒருவரே கிடையாது, ஞாபகம் இருக்கிறதா? மஸ்டர் ரோல் (கூலியாட்கள் வருகைப் பதிவேடு) ஊழல் என்று 1973ல் மாநகராட்சி மன்றத்தைக் கலைத்தவர்கள், 1996 வரை தேர்தலே நடத்தவில்லை. 23 வருஷம் அதிகாரிகள் ராஜ்யம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் மனு எழுதிக்கொண்டு நீதான் சைக்கிளில் போவாய். அப்புறம் மறுபடியும் 2016லிருந்து 2022 வரை அதே கதை. நடுவே ஊர் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆகப் பெருத்துவிட்டது. 2022ல்தான் 200 வார்டுக்கும் ஆள் வந்தார்கள், அதில் பாதி இடம் பெண்களுக்கு. மேயர் பிரியா பதவியேற்றபோது வயது 28. ரிப்பன் மாளிகையில் மாதம் ஒருமுறை மாமன்றம் கூடுகிறது. கேள்வி நேரம் உண்டு, நேரமில்லா நேரம் உண்டு. நாய், குப்பை, வடிகால், பாதியில் நிற்கும் பாலம் என்று கவுன்சிலர்கள் நன்றாகத்தான் சத்தம் போடுகிறார்கள். கடைசியில் தீர்மானங்கள் கட்டுக் கட்டாக நிறைவேறுகின்றன. மறுநாள் பேப்பரில் வருவது சத்தம் போட்டது மட்டும்தான்.

ஆனால் நம் கட்டடம் அந்த மன்றத்துக்கே போகாது. 10,000 சதுர அடி வரை, எட்டு வீடு வரை என்றால் மாநகராட்சி அதிகாரிகளே அனுமதி கொடுக்கலாம். அதைத் தாண்டினால் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்கு, பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வுக்குப் போக வேண்டும். குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர். மின்சாரம் வாரியம். மழைநீர் வடிகால் மாத்திரம் மாநகராட்சி. 48 வீட்டுக் கழிவுநீரும் இந்தப் பழைய குழாயில் போகுமா என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்த மேஜையைக் காட்டுகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் தெருவில் நின்று திட்டு வாங்குபவர் கவுன்சிலர். அவருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம், அதுவும் 2023லிருந்துதான். நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவில்லை, அந்தப் பத்தாயிரத்தில்தான் எல்லாரும் குடும்பம் நடத்துகிறார்கள் என்று நம்பும் வயதும் எனக்குத் தாண்டிவிட்டது. இருந்தாலும் அவர் கையில் இல்லாததற்கு அவரைத் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்து காபி குடிப்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது.

இந்த மாதம் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்துக்குப் பகுதி சபைக் கூட்டம், அதாவது வார்டில் ஒரு பகுதி மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் கூட்டம், வைத்தார்கள். சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மைக், ஆளுக்கு ஒரு சமோசா. போனேன். முதல் ஒரு மணி நேரம் முழுக்க நாய். பிடிக்கச் சொல்கிறவர்கள் ஒரு பக்கம், சோறு போடுகிறவர்கள் மறு பக்கம், நடுவில் உதவிப் பொறியாளர், பாவம், அவருக்கும் நாய்க்கும் சம்பந்தமே இல்லை. அடுத்து வடிகால். யாரோ ஒரு ஒப்பந்ததாரர் தோண்டிப் போட்ட பள்ளம் மழைக்கு முன்னால் மூடப்படவில்லை என்று எல்லாரும் பொங்கினார்கள். அப்போது கடைசி வரிசையில் இருந்து பூ விற்கும் அம்மா எழுந்து, "பள்ளத்தை விடுங்க சார், அதுல மழைத் தண்ணியா ஓடுது? வீட்டு சாக்கடையை அதுல விட்டிருக்காங்களே, அதைக் கேளுங்க," என்றார். கூடத்தில் பாதிப் பேர் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டார்கள். மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்பு கொடுத்திருக்கும் பிளாக்குகள் எவை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும்.

நான் கை தூக்கி என் கேள்வியைக் கேட்டேன். இந்த நாலு தெருவில் மட்டும் இப்போது ஆறு பிளாக் இடித்துக் கட்டப் பேச்சு நடக்கிறது. ஒவ்வொன்றிலும் வீடு இரட்டிப்பாகிறது. தண்ணீர், கழிவுநீர், கார் எல்லாவற்றுக்கும் சேர்த்து யாராவது ஒருவர் கூட்டிப் பார்த்திருக்கிறாரா? கவுன்சிலர் உண்மையைச் சொன்னார். "தனித்தனியாதான் சார் ஃபைல் வரும். மொத்தமா யாரும் பார்க்கறதில்லை." மினிட்ஸில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். என்ன ஆகும் என்று கேட்காதே. ஆனாலும் எழுத்தில் இருப்பது நல்லது. இனி கூட்டத்துக்குக் கூட்டம் அதையே கேட்பதாக இருக்கிறேன், ரிட்டயர் ஆனவனுக்கு வேறு என்ன வேலை. வீட்டிலிருந்து புகார் செய்ய 1913 என்று ஒரு எண் இருக்கிறது. ரிப்பன் மாளிகை திறந்த வருஷமும் 1913 என்பதால் எனக்கு மறப்பதே இல்லை. பள்ளத்தைப் பற்றி அதிலும் பதிவு செய்தேன், தற்காலிகமாகத் தடுப்பு வைத்துவிட்டுப் போனார்கள்.

செல்வியை உனக்கு நினைவிருக்கும். நம் இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்த்தவள், ஜாபர்கான்பேட்டை ஆற்றங்கரையில் குடிசை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடத்தில் வீடு ஒதுக்கி அனுப்பினார்கள். இன்னமும் பஸ் மாறி மாறி இங்கேயே வேலைக்கு வருகிறாள். 2021லிருந்து பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் அது கட்டுபடியாகிறது, இல்லாவிட்டால் எப்போதோ நின்றிருப்பாள். பில்டர் கதையை வீட்டில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "உங்களுக்கு வாடகையும் கொடுத்து, கட்டி முடிச்சி இதே எடத்துல வீடும் தராங்களாப்பா?" என்றாள். ஆமாம் என்றேன். "எங்களை வண்டியில ஏத்தறப்ப ஒரு டோக்கன்தான் குடுத்தாங்க," என்று சொல்லிவிட்டு மிக்ஸி ஜாரைக் கழுவப் போனாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. குடிசை மாற்று வாரியம் என்று 1970ல் ஆரம்பித்ததற்கு 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கிறது. பழைய அடுக்குகளை இடித்து அதே இடத்தில் கட்டித் தரும் வேலையும் ஊருக்குள் நடக்கிறது, அதுதான் முறை. ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்குப் பத்திரம் இல்லை, அதனால் மூன்றில் இரண்டு பங்குக் கணக்கும் இல்லை.

சரி, நம் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இடிப்பதில் ஆட்சேபணை இல்லை. கம்பி வெளியே தெரிகிற கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு பழைய பாசம் பேச முடியாது. ஆனால் பில்டர் நீட்டிய ஒப்பந்தத்தில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. நம் யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் நமக்குள்ள பிரிபடாத பங்கு, எவ்வளவு என்பதில்தான் எனக்கு முதல் சந்தேகம். வீடு இரட்டிப்பானால் அது சுருங்கத்தான் செய்யும், எவ்வளவு சுருங்குகிறது என்று ஒப்பந்தத்தில் சதுர அடியில் எழுதாமல் "விகிதாசாரப்படி" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது, வேலை பாதியில் நின்றால் வாடகை யார் தருவார்? வங்கி உத்தரவாதம் கொடு என்றேன், "நம்பிக்கைதான் சார் முக்கியம்" என்று பில்டர் சிரிக்கிறார். சிரிக்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம். நமக்குத் தெரிந்த ஒரு பிளாக்கில் இரண்டு வருஷம் என்று சொல்லி ஐந்தாவது வருஷமும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். அப்புறம் கீழ் வீட்டுப் பாட்டி. எண்பத்தைந்து வயதில் எங்கே வீடு மாறுவேன் என்கிறார். சட்டப்படி அவர் சம்மதம் தேவைப்படாமல் போகலாம், ஆனால் அவருக்கு இதே தெருவில் தரைத்தளத்தில் வாடகை வீடு பார்த்துக் கொடுப்பதை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். செயலாளருக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.

நம் இரண்டு கையெழுத்துக்காகக் காத்திருக்கும்வரைதான் பில்டர் நாம் சொல்வதைக் கேட்பார். அதனால் யார் போன் செய்தாலும், கூரியரில் தாள் அனுப்பினாலும், எதிலும் கையெழுத்துப் போடாதே. மார்கழி பிறப்பதற்குள் ஒரு பொதுக்குழு இருக்கிறது, தேதி முடிவானதும் சொல்கிறேன். முடிந்தால் நேரில் வா. ஹவுசிங் போர்டு கொடுத்த கிரயப் பத்திரத்தையும், தவணை முடித்த ரசீதையும் தேடி எடுத்து வை. இங்கே பாதிப் பேர் ரசீது கிடைக்காமல் அலைகிறார்கள்.

இன்னொன்று, உன் பத்திரம் உன் பெயரிலும் தங்கச்சி விசாலம் பெயரிலும் சேர்ந்துதானே இருக்கிறது? அப்படியென்றால் அவள் கையெழுத்தும் வேண்டும். இந்த ஒப்பந்தத்தின் நகலை உனக்கு அனுப்புகிறேன், அவளை முழுசாகப் படிக்கச் சொல். வங்கியில் முப்பது வருஷம் கடன் தாள் பார்த்தவள், நம் இருவரையும்விட நன்றாகப் படிப்பாள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுது.

அன்புடன்,
கோபால்