சர்வர் கடவுச்சொல்: கடலூர் கிளையினர் கவனத்துக்கு

வணக்கம். தொலைவிலிருந்தபடியே ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நாம் நுழையும் சர்வரின் கடவுச்சொல் நேற்று மாறிவிட்டது. "சேமித்துத்தான் வைத்திருக்கிறேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது" என்று முதுநகரிலிருந்தும் திருப்பாதிரிப்புலியூரிலிருந்தும் காலை முதல் அழைப்புகள். விடாது, உங்கள் கணினி நினைவில் வைத்திருப்பது பழையதை.

கண்ட்ரோல் பேனலில், சேமித்த கடவுச்சொற்கள் இருக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதிக்குப் போங்கள். டி, இ, ஆர், எம் என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கி, சாய்கோட்டுக்குப் பின் நம் சர்வர் பெயர் வரும் பதிவை நீக்குங்கள். ஐபி எண் கொடுத்தும் இணைந்திருந்தால் அதற்குத் தனிப் பதிவு இருக்கும், அதையும்தான். பிறகு ரிமோட் டெஸ்க்டாப்பில் புதிய கடவுச்சொல்லைக் கொடுத்து, நினைவில் கொள்ளும் கட்டத்தில் டிக் செய்யுங்கள்.

பழையதையே திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள், கணக்கு பூட்டிக்கொள்ளும். பலர் ஒரே லாகினில் புழங்கும் பில்லிங் கணினியில் மட்டும் எதையும் சேமிக்கவே வேண்டாம். புதிய கடவுச்சொல்லைத் தொலைபேசியில் கேளுங்கள். இந்தக் குழுவில் போடமாட்டேன்.