சாலை அகலப்படுத்தியபோது இடிக்கப்பட்ட ஊர்ப் படிக்கட்டை மீண்டும் கட்டித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள்,
குஞ்சப்பனைக்கும் அரவேனுவுக்கும் இடைப்பட்ட கிராமம்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம்.

பொருள்: மாநில நெடுஞ்சாலை 15, மேட்டுப்பாளையம் – கோத்தகிரி பகுதி – சாலைக்கு மேலுள்ள எங்கள் ஊரின் படிக்கட்டு இடிக்கப்பட்டது – கைப்பிடியுடன் புதிய படிக்கட்டு கட்டித் தர வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எங்கள் முந்தைய மனுக்கள் (ஒப்புகைச் சீட்டுகளின் நகல் இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். தாங்கள் இந்தச் சாலையில் அடிக்கடி போய் வருபவர். குஞ்சப்பனை சோதனைச்சாவடி தாண்டி, வளைவுகள் ஏறி, பலா மரங்கள் குறைந்து தேயிலை தொடங்கும் இடத்தில் மலைப்பக்கமாகப் புதிய கருங்கல் தடுப்புச் சுவர் ஒன்று நீளமாக வரும். அதன் தலைக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இருப்பதுதான் எங்கள் ஊர். சாலையில் போகிறவர்களுக்கு மாரியம்மன் கோயில் கொடிமரம் மட்டும் தெரியும். அந்தச் சுவர் கட்டப்பட்ட இடத்தில்தான் எங்கள் படிக்கட்டு இருந்தது.

எங்களில் பாதிப்பேர் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கும் படுகர் சமுதாயச் சிறு விவசாயிகள். மீதிப்பேர் 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் வாரிசுகள். எல்லோருக்கும் பிழைப்பு பசுந்தேயிலைதான். பள்ளிக்கூடம், ரேஷன், ஆஸ்பத்திரி, பஸ், இலை எடுக்க வரும் லாரி என எதற்கும் நாங்கள் இந்தச் சாலைக்கு இறங்கியாக வேண்டும். எங்கள் நிலையைக் கீழே பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்.

1. சாலையை அகலப்படுத்த வந்தபோது நாங்கள் யாரும் மறிக்கவில்லை. ஓரத்துத் தேயிலைச் செடிகள் போயின, பொறுத்துக்கொண்டோம். ஜேசிபி வைத்து மண்ணை வெட்டியபோது படிக்கட்டும் சேர்ந்து போனது. வேலையை மேற்பார்த்தவரிடம் அன்றைக்கே கேட்டோம். "சுவர் முடிந்ததும் படி வைத்துத் தருவோம்" என்றார். சுவர் முடிந்தது, தார் போட்டாயிற்று, வெள்ளைக்கோடும் போட்டாயிற்று. படி வரவில்லை.

2. சுவர் இரண்டு ஆள் உயரம். அதன் அடியில் மூடி இல்லாத வடிகால் ஓடுகிறது. சுவரில் தண்ணீர் கசிய வரிசையாகக் குழாய் வைத்திருக்கிறார்கள், நல்லது. மனிதர் இறங்க மட்டும் ஓர் இடைவெளி விடவில்லை.

3. இப்போது நாங்கள் எப்படி இறங்குகிறோம் என்பதைத் தாங்கள் முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் முந்தைய மனுக்களைப் படித்தவர்கள் "மாற்று வழி உள்ளது" என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

மாற்று வழி என்று அவர்கள் சொல்வது தேயிலைக் காட்டுக்குள் சுற்றி, அடுத்த கொண்டை ஊசி வளைவில் போய் இறங்கும் தடம். விளக்கு இல்லை. காட்டெருமை படுத்திருக்கும். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனை, முள்ளூர்ப் பக்கம் யானை நடமாட்டம் எப்படி இருக்கும் என்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, வனத்துறையே எச்சரிக்கிறது. அந்தத் தடத்தில் விடியற்காலைப் பஸ்ஸுக்குப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது? அப்படியே போய்ச் சேர்ந்தாலும் அது வளைவு. அங்கே பஸ் நிற்காது. நிறுத்தினால் பின்னால் வரும் லாரி மோதும். ஓட்டுநரைக் குறை சொல்லவும் முடியாது.

அதனால் எல்லோரும் சுவர் முடியும் இடத்தில் உள்ள மண்சரிவு வழியாகத்தான் இறங்குகிறோம். மேலே ஒரு சில்வர் ஓக் மரத்தில் நைலான் கயிறு கட்டியிருக்கிறோம். கயிறு உராய்ந்து உராய்ந்து மரத்தின் பட்டை சுற்றிலும் தேய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது. பிள்ளைகள் முதலில் புத்தகப் பையைக் கீழே வீசுகிறார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடிக்கிறார்கள். மறு கையால் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கி, கடைசியில் வடிகாலைத் தாண்டிக் குதிக்கிறார்கள். குதித்தால் கால் வைப்பது நேராகத் தார்ச் சாலையில். ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும். சிவப்பு மண் சோப்புப் போல வழுக்கும். வயசுக்கு வந்த பெண் பிள்ளைகள் சேறான யூனிபாரத்தோடு வகுப்பில் உட்கார வெட்கப்பட்டு மழை நாளில் பள்ளிக்கே போவதில்லை. ஒரு பிள்ளை படிப்பையே விட்டுவிட்டாள்.

இலை பறிக்கும் பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கயிற்றைப் பிடிக்க முடியாது. மூட்டையை உருட்டிவிடுகிறார்கள். உருண்ட இலை கசங்கிச் சேறாகிறது. லாரிக்காரர் ஈரக் கழிவு, சேற்றுக் கழிவு என்று எடையில் பிடிக்கிறார். பசுந்தேயிலை விலை கிடக்கிற கிடையில் அந்தக் கழிவுதான் எங்களுக்கு மிஞ்ச வேண்டிய காசு.

போன மழைக்கு வயதான அம்மா ஒருவர் வடிகாலுக்குள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இன்றும் படுக்கையில் இருக்கிறார். பிரசவ வலி வந்த பெண்ணைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, புடவையால் கட்டி, நான்கு ஆண்கள் அந்தச் சரிவில் இறக்கினோம். 108 வண்டி கீழே சரியான நேரத்துக்கு வந்து நின்றது. அந்த ஊழியர்கள் நாற்காலியைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தார்கள், அவர்களுக்கு எங்கள் நன்றி. பன்னிரண்டு அடி இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தில் வண்டி அரவேனுவைத் தாண்டியிருக்கும். தாயும் குழந்தையும் நலம். அடுத்த முறையும் அப்படியே இருக்கும் என்று யார் உறுதி தருவார்கள், அய்யா?

4. ஆய்வுக்கு வந்த ஒருவர், "இங்கே படிக்கட்டு இருந்ததற்கு ஆவணம் இருக்கிறதா?" என்று கேட்டார். இந்தக் கேள்விதான் எங்களுக்கு மிகவும் வலித்தது.

ஈரோட்டில் தொடங்கி கோபி, சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் வந்து, பவானிப் பாலம் தாண்டி ஓடந்துறையில் குன்னூர்ச் சாலையை விட்டுப் பிரிந்து, கோத்தகிரி, கட்டபெட்டு வழியாக உதகை போகிறது மாநில நெடுஞ்சாலை 15. இதில் மலைப்பகுதி முழுவதும் ஆதியில் மனிதர் நடந்த தடம்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இந்த மலைக்கு ஏறி முதலில் தங்கியது உதகையில் அல்ல, கோத்தகிரிக்குப் பக்கத்துத் திம்பட்டியில். சிறுமுகையிலிருந்து தேனாடு வழியாக அங்கே முதல் பாதை போடும் வேலை 1821இல் தொடங்கி 1823இல் முடிந்தது. கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். அப்போதும் வெள்ளைக்காரர்களுக்கு வழி காட்டியது மலையில் இருந்த ஜனங்கள்தானே? 1830களில் குன்னூர்ப் பாதை வந்ததும் போக்குவரத்து அங்கே போய்விட்டது. இப்போதுள்ள கோத்தகிரி மலைப்பாதை 1870களில்தான் போடப்பட்டது. 1899இல் ரயில் குன்னூர் வரை ஏறியது, 1908இல் உதகை போனது. கோத்தகிரிக்கு ரயில் கிடைக்கவே இல்லை. எங்களுக்கு எல்லாமே இந்த ஒரு சாலைதான்.

சல்லிவன் பாதை எங்கள் சரிவு வழியாகப் போகவில்லை, அது வேறு பக்கம். நாங்கள் சொல்ல வருவது, இங்கே ஊர்த்தடம் முந்தியது, தார்ச் சாலை பிந்தியது. தாத்தா காலத்தில் கல் அடுக்கி வைத்த படியை எங்கள் தகப்பன்மார் சிமென்ட் பூசினார்கள். அதற்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? ஊரில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். சுவர் கட்டும் முன் ஒப்பந்ததாரர் எடுத்த போட்டோவில் படி இல்லையா? அதையும் பாருங்கள். வீட்டுக்கு ஏறும் வழிக்கு ஆவணம் கேட்டால் மலையில் எந்த ஊர் தப்பும்?

5. குன்னூர்ச் சாலையில் மண் சரியும்போதெல்லாம் மொத்த வாகனமும் இந்தப் பக்கம்தான் திரும்புகிறது. 1993 மரப்பாலம், 2009 நவம்பர், யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கோடை சீசனில் குன்னூர் வழியாக ஏறி கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப் பாதை ஆக்குகிறார்கள். நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) வந்தது. 2025 சீசனுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. சரி, நல்ல விஷயம்தான். ஆனால் உதகை பார்த்துவிட்டுத் திரும்பும் வண்டிகள் பிரேக் தேய்ந்த நாற்றத்தோடு வரிசையாக இறங்கும்போது, கயிற்றில் தொங்கி வந்து குதிக்கிற பிள்ளையின் கால் விழுவது அந்த வண்டிகளுக்கு முன்னால்தான். சுற்றுலாப் பயணி பத்து நிமிடம் தாமதமானால் போலீஸ் போடுகிறீர்கள், மாற்றுப்பாதை போடுகிறீர்கள், ஊடகத்தில் அறிவிக்கிறீர்கள். இங்கேயே பிறந்து இங்கேயே சாகிறவன் வீட்டுக்கு ஏறப் படி கேட்டால் "தொடர்புடைய அலுவலருக்கு அனுப்பப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. அப்புறம் "மனு முடித்து வைக்கப்பட்டது" என்று இன்னொரு குறுஞ்செய்தி. எதை முடித்தார்கள்? மன்னிக்க வேண்டும் அய்யா, தங்களிடம் கோபப்படும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆனால் இதை வேறு எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை.

6. இறந்தவரைக்கூட அந்தச் சரிவில் கயிறு கட்டித்தான் இறக்கினோம்.

7. நாங்கள் கேட்பது மேம்பாலம் இல்லை. இதே மாவட்டத்தில் சரியும் மண்ணை நிறுத்த மலைக்குள் இரும்புக் கம்பி ஆணி இறக்கி, மேலே புல் விதை தெளித்துப் பச்சையாக்கும் அளவுக்குப் பெரிய வேலைகளைத் துறை செய்கிறது. அந்தத் திறமை உள்ளவர்களுக்கு ஒரு படிக்கட்டு பெரிய விஷயமா? சுவரில் ஓரிடத்தில் திறப்பு, சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஏறும் கான்கிரீட் படி, பிடித்து ஏற இரும்புக் கைப்பிடி, வடிகாலுக்கு மேல் கான்கிரீட் பலகை. கீழே நாலு பேர் நிற்கக்கூடிய ஒரு திட்டு. சுவரை உடைத்தால் பலம் போய்விடும் என்று சொன்னால், உடைக்காமல் வெளிப்பக்கமாக இரும்புப் படி வைக்கலாம். எது சரியென்று பொறியாளர்கள் முடிவு செய்யட்டும், நாங்கள் மறுக்க மாட்டோம். மண் சுமக்க, கல் சுமக்க ஊரிலிருந்து ஆள் தருகிறோம். நிதி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படியை இடிக்க நிதி இருந்ததே.

ஆகவே, தாங்கள் அருள்கூர்ந்து இந்த இடத்தை நேரில் பார்வையிட்டு, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் படிக்கட்டு கட்டி முடிக்க உத்தரவிடுமாறு மிகவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். நிரந்தரப் படிக்கட்டுக்கு நாள் பிடிக்குமென்றால், அதுவரை தற்காலிகமாக ஓர் இரும்பு ஏணியும் வடிகாலுக்கு மூடியும் இந்த வாரமே போடச் சொல்லுங்கள். இந்த மனுவையும் பழைய அலுவலகத்துக்கே அனுப்பி, அவர்களிடமிருந்தே "மாற்று வழி உள்ளது" என்ற பதிலை வாங்கி எங்களுக்கு அனுப்பிவிட வேண்டாம். தாங்களே ஒருமுறை வந்து பாருங்கள், அய்யா. கோத்தகிரிக்கு முகாம் வரும் நாளில் வழியில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்தினால் போதும். காலை பள்ளி நேரமாக இருந்தால் பிள்ளைகள் இறங்குவதை நேரிலேயே பார்க்கலாம். படிக்கட்டு வேண்டும் அய்யா, வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித்தாளில்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் நகல், ஒப்புகைச் சீட்டுகள், சுவர் மற்றும் சரிவின் புகைப்படங்கள், படிக்கட்டு இருந்தபோது கோயில் திருவிழாவில் எடுத்த பழைய புகைப்படம்.