லியோனில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆகஸ்டில் வருவதாக எழுதியிருந்தாய். யாருடன் வருகிறாய் என்று உன் உம்மா கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. நான் அதைக் கேட்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் உம்மாவிடம் பேசு.

நோட்டரியாக நிக்காஹ் ஒப்பந்தங்கள் எழுதிய வருமானத்தில் உன்னைப் படிக்கவைத்தவன் என்பதால், என் தொழிலைப் பற்றிச் சில சொல்கிறேன். முஸ்லிம் பெண் முஸ்லிம் அல்லாதவரை மணப்பதைப் பதிவு செய்யக் கூடாது என்ற நம் துனிசிய அரசின் 1973ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. மாப்பிள்ளை இஸ்லாத்தைத் தழுவியதற்கு, மார்க்கத் தீர்ப்பு சொல்லும் முஃப்தியின் சான்றிதழைக் கொண்டுவந்தால்தான் பேனாவைத் திறப்பேன். 2017 செப்டம்பரில் அரசு அந்தச் சுற்றறிக்கையை விலக்கிக்கொண்டது. அதற்குப் பிறகும் மனம் ஒப்பாமல் எழுத மறுத்த நோட்டரிகள் உண்டு. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

1956 ஆகஸ்ட் 13 அன்று வந்த சட்டத்தில் பலதார மணத்தைத் தடை செய்த அன்றைய பிரதமர் பூர்கிபா, மனைவியரிடையே நீதி செலுத்த உங்களால் இயலாது என்ற குர்ஆன் வசனத்தையே ஆதாரமாகக் காட்டினார். தலைநகரத்துத் தூனிஸ்காரர்களுக்கு அது புதுமையாக இருந்திருக்கலாம். நம் ஊர் கைரவானிலோ, கணவன் இன்னொருத்தியை மணந்தால் விலகிக்கொள்ளும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும் வழக்கம் பல நூற்றாண்டுகளாக இருந்தது; அதை எழுதியவர்களும் உக்பா பள்ளிவாசலில் தொழுதவர்கள்தாம். மார்க்கத்துக்கு உட்பட்டே நிபந்தனை விதிக்கத் தெரிந்த பெண்களின் வழியில் வந்தவள் நீ என்பதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அவர்கள் நிபந்தனையைச் சாட்சிகள் முன்னிலையில் வாய்விட்டுச் சொன்னார்கள், மகளே; வீட்டாரிடம் மறைக்கவில்லை.

2022ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஐந்தாம் பிரிவு, உயிர், மானம், உடைமை, மார்க்கம், சுதந்திரம் ஆகியவற்றைக் காக்கும் இஸ்லாத்தின் நோக்கங்களுக்காக அரசு மட்டுமே பாடுபட வேண்டும் என்கிறது. அரசு தாராளமாகப் பாடுபடட்டும். மகளின் ஒப்பந்தத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைத் தகப்பன் பார்த்துக்கொள்வான்.

தொழுகையை விடாதே. உம்மாவிடம் பேசு, வெள்ளிக்கிழமை மறவாதே. வருபவரின் பெயரையும் ஊரையும் மட்டும் எழுதி அனுப்பு. முஃப்தி அலுவலகத்தில் என்னென்ன தாள்கள் கேட்கிறார்கள், எத்தனை நாள் பிடிக்கும் என்று நான் விசாரித்து வைக்கிறேன்.

உன் பாபா